பத்துமலை வழியாகக் கிள்ளான்

கோலாலம்பூரில் பயிற்சிக்காக எனக்குத் தரப்பட்ட முதல் கருவி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நீல நிறம். இடது முன்கால் சற்றே குட்டை.

சென்னையில் ஒரு விமான நிறுவனத்தின் பயிற்சிக் கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக வகுப்பெடுக்கிறேன். நான் விமானி அல்லன். விமானிகளுக்குப் பாடம் சொல்பவன். விமானத்தின் முன்னறையில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் பாடம். அதில் நான்காவது அத்தியாயம், மூத்தவர் தவறு செய்தால் இளையவர் அதை எப்படிச் சொல்வது என்பது. அந்த அத்தியாயத்தை நான் நன்றாக நடத்துவேன் என்று பெயர்.

போர் விமானிகளையும் விண்வெளி வீரர்களையும் பழக்கும் முறைகளைப் பயணிகள் விமானம் ஓட்டுபவர்களுக்கும் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் நிர்வாகத்துக்குத் தோன்றிவிட்டது. அந்த முறையில் கற்பிக்கத் தகுதி அட்டை வாங்கியவர்கள் மட்டும் இனி வகுப்பெடுக்கலாம். மற்றவர்கள் வாகன ஏற்பாட்டுப் பிரிவுக்குப் போக வேண்டும். விமானிகளை வீட்டிலிருந்து ஏற்றி வரும் கார்களுக்கு நேரம் குறிக்கும் வேலை அது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. கார்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அட்டை மட்டும் கிடைத்தாலும் போதாது. எங்கள் பயிற்சித் தலைவர் கேப்டன் ரங்கநாதனின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். ஐந்து நாள் பயிற்சிக்கு அவரும் வந்தார். எட்டுப் பேரை இரண்டிரண்டாகப் பிரித்தபோது எனக்கு ஜோடியாக வாய்த்தவரும் அவரே.

முதல் நாள், திங்கள். தங்கியது தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில். காலை 6.50க்கு ஜன்னலைத் திறந்தால் கீழே பூக்கடை, எதிரே நகைக்கடை, எங்கிருந்தோ சாம்பார் வாசனை. பக்கத்து அறை ஜன்னலிலிருந்து கேப்டன் எட்டிப் பார்த்து, "சந்தானம், நாம ஊர்லேர்ந்து கிளம்பினோமா இல்லையா?" என்றார். தெருவில் இறங்கியதும் வித்தியாசம் தெரிந்தது. நாங்கள் சாலையைக் கடக்க நின்றதைப் பார்த்து ஒரு கார் நின்றது. பழக்கமில்லாததால் நாங்களும் அதற்கு வழிவிட்டு நின்றோம். காரும் நாங்களும் ஒருவரையொருவர் அரை நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, "போங்கண்ணே, நான் வீட்டுக்குப் போணும்" என்றார்.

பயிற்சிக் கூடம் சுபாங் பக்கம். நடத்துபவர் மேஜர் தனலெட்சுமி. விமானப் படையில் விமானிகளைப் பழக்கி ஓய்வு பெற்றவர். குள்ளமான உருவம், ஆனால் ஓடுபாதையின் அந்த முனைவரைக் கேட்கும் குரல். வகுப்பு ஆங்கிலத்தில்; இங்கே தமிழில் தருகிறேன். எங்கள் இருவரைத் திட்ட மட்டும் நிஜமாகவே தமிழ். கையில் மைலோ என்னும் சத்துபானத் தூளின் காலி டின்னோடு உள்ளே வந்தார்.

"ரேங்க் எல்லாம் இதுல போடுங்க. அஞ்சு நாளைக்கு இங்க யாரும் பெரியவங்க இல்ல, சின்னவங்க இல்ல."

கேப்டன் தோளிலிருந்த நான்கு தங்கப் பட்டைகளையும் மெதுவாகக் கழற்றினார். "பத்திரமா இருக்குமா?"

"ஜெனரலோட ஸ்டாரே இதுல கெடந்திருக்கு. மைலோ வாசம் அடிக்கும், அவ்ளோதான் லா."

கழற்ற எனக்குப் பட்டை எதுவும் இல்லை. பார்க்க நன்றாக இராது என்று அடையாள அட்டையைப் போட்டேன்.

போர் விமானிகள் ஒரு மணி நேரம் பறந்தால் இறங்கியபின் அதைப்பற்றி அதைவிட அதிக நேரம் பேசுவார்களாம். அந்த அறைக்குள் பதவி கிடையாது. பேசுபவர் முதலில் தன் தவறைச் சொல்ல வேண்டும். "இந்தத் தப்பு பண்ணேன், இத்தன மணிக்குப் பண்ணேன். முடிஞ்சுது. கத வேணாம், சாரி வேணாம்" என்றார் மேஜர். திரும்பும்போது வேனில் கேப்டன், "நல்ல விஷயம். ஆனா நம்ம ஊர்ல எவன் வாயத் திறப்பான்?" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

இரண்டாம் நாள், செவ்வாய். அன்றுதான் நாற்காலி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதில் உட்கார்ந்து, புறப்படுவதிலிருந்து இறங்குவதுவரை ஒவ்வொரு கை அசைவையும் வெறும் காற்றில் செய்து பார்க்க வேண்டும். போர் விமானிகள் பழகும் விதம் இது. அறைக்குப் போயும் இரண்டு முறை செய்யச் சொன்னார் மேஜர். அறையில் இருந்த ஒரே நாற்காலி மெத்தை வைத்தது. உட்கார்ந்தால் தூக்கம் வந்தது. ஆகவே மாலை 6.20க்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

தலைக்கு மேலே இருக்கும் சுவிட்சுகளைப் போடக் கையைத் தூக்கினேன். நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் டீ வந்தது. குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். உயரே போனதும் விளக்கை அணைக்க மறுபடி கையைத் தூக்கினேன். இன்னொன்று வந்தது. மூன்றாவது வந்தபோது கண்ணைத் திறந்தேன். கடையில் வேலை பார்க்கும் சாகுல் எதிரே நின்றிருந்தார். ராமநாதபுரம் பக்கத்து ஆள். வேலை அனுமதியில் வந்தவர்.

"என்னண்ணே, கூப்பிட்டுக்கிட்டே இருக்கீங்க, குடிக்க மாட்டேங்கிறீங்க?"

விமானம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று விளக்கினேன். அவர் என்னையும் நாற்காலியையும் ஒருமுறை பார்த்தார்.

"உள்ள எத்தன பேருண்ணே?"

"நூத்தி எண்பது."

"அப்ப இன்னும் நூத்தி எழுபத்தேழு டீ போடணும்." தோளிலிருந்த துண்டை உதறிவிட்டு எனக்குப் பின்னாலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "மதுரைப் பக்கம்னா சொல்லுங்க, எறங்கிக்கறேன். ஊருக்குப் போயி ரெண்டு வருசமாச்சு."

உள்ளேயிருந்து முதலாளி கத்தும்வரை இருவரும் பறந்தோம். ஏறக்குறைய நாற்பது வினாடி.

மூன்றாம் நாள், புதன். விண்வெளிக்குப் போகிறவர்களை முன்னதாகச் சின்னக் குழுக்களாகக் காட்டுக்கோ பனிமலைக்கோ அனுப்புவார்களாம். நாளுக்கொருவர் தலைவர். பசி, களைப்பு, வழி தவறுதல், ஒருவர்மேல் ஒருவருக்கு வரும் எரிச்சல் எல்லாவற்றையும் தரையிலேயே பழகிவிட வேண்டும் என்பது நோக்கம்.

"எங்க பட்ஜெட்ல பனிமலை இல்ல. கிள்ளான் இருக்கு" என்றார் மேஜர்.

பணி இதுதான். கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கம்யூட்டர் என்னும் புறநகர் ரயில் ஏறிக் கிள்ளான் போக வேண்டும். அங்கே தெங்கு கெலானா சாலையில் மேஜரின் தங்கை சரோஜா பூக்கடை வைத்திருக்கிறார். பன்னிரண்டு மணிக்குள் அவரிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். கைப்பேசிகள் மைலோ டின்னுக்குள் போயின. அன்றைய தலைவர் கேப்டன். தலைவர் தவறினால் அந்த நொடியே சொல்வது மட்டும்தான் கூடப் போகிறவரின் கடமை.

"ஒரே வேல, மிஸ்டர் சந்தானம்."

"தெரியும் மேடம். அதுதான் என் பாடமே."

நிலையத்தில் கேப்டன் அறிவிப்புப் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு நேராக நடந்தார். நடைமேடையில் ஒரு ரயில் நின்றிருந்தது. "வந்துருச்சு, ஏறுங்க" என்றார். 8.37க்குக் கதவு மூடியது. சென்னையில் மின்சார ரயிலின் கதவு மூடி நான் பார்த்ததில்லை. உள்ளே குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கத்தரிக்காய்போல் விறைத்து உட்கார்ந்தோம்.

அடுத்த நிமிடங்களை என் நாட்குறிப்பில் உள்ளபடியே தருகிறேன்.

8.41. கதவுக்கு மேலிருந்த வழிப்படத்தைப் பார்த்தேன். கிள்ளான் எதிர்த் திசையில்.

8.42. மறுபடி பார்த்தேன். உறுதி.

8.43. "சார், இந்தப் பக்கம் வெயில் அடிக்குதே" என்றேன். "அப்ப இந்தப் பக்கம் வந்து உக்காருங்க" என்றார். இடம் மாறினேன்.

8.46. "கிள்ளான் பெரிய ஊர்னாங்க. வண்டில கூட்டமே இல்லியே சார்." "நல்லதுதானே."

8.48. பெட்டியில் எங்களைத் தவிர எல்லாரும் பெண்கள். ஜன்னலுக்கு மேல் இளஞ்சிவப்புப் பட்டை. இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

8.50. "சில ஊர்ல ரயில் சுத்திப் போகுமோ சார்?" "போகலாம்" என்றார்.

'சார், தப்பான ரயில்.' மூன்றே சொற்கள். ஆண்டுக்கு நாற்பது முறை இதைப்போன்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுகிறேன். ஆனால் கரும்பலகையில் நான் வரையும் கேப்டன் யாருக்கும் பரிந்துரைக் கடிதம் எழுதுவதில்லை.

செந்தூலில் ஒரு அம்மாள் ஏறினார். கையில் தேங்காய், வெற்றிலை, ஊதுவத்தி தெரியும் பை. எங்கள் எதிரில் உட்கார்ந்து இருவரையும் நன்றாகப் பார்த்தார். எங்கள் வயதுதான் இருக்கும்.

"அங்கிள், எங்க போறீங்க?"

"கிள்ளான்" என்றேன்.

"அலாமாக்! இது பத்துமலை போற ட்ரெய்ன் அங்கிள். கிள்ளான் அந்தப் பக்கம். அதோட இது லேடீஸ் கோச்சு."

நான் பதினான்கு நிமிடமாகச் சுமந்துகொண்டிருந்ததை அவர் ஐந்து வினாடியில் இறக்கி வைத்துவிட்டார். எனக்கு அழுகை வரும்போலிருந்தது. கேப்டன் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

"தெரியும்மா. முதல்ல முருகனப் பாத்துட்டு, அப்புறம்தான் கிள்ளான். அப்படித்தானே சந்தானம்?"

"ஆமா சார்."

"அதானே! ஊருலேர்ந்து வந்துட்டு முருகனப் பாக்காம போவாங்களா?" என்று அந்த அம்மாள் பூரித்துப் போனார். பெயர் பரமேஸ்வரி. செந்தூல் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. மகனுக்குப் போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலை நிரந்தரமானதற்காக நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறார். "ஒங்களுக்கு வழி தெரியாது. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

இறங்கியதும் எதிர் ரயிலைப் பிடித்துத் திரும்பிவிடலாம் என்பது கேப்டனின் திட்டம். அது அவர் கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் பரமேஸ்வரி அக்கா எங்களை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார். 9.26க்குப் படியேறத் தொடங்கினோம். இருநூற்று எழுபத்திரண்டு படிகள். நூற்றுப் பத்தாவது படியில் கேப்டன் நின்று இயற்கைக் காட்சியை ரசித்தார். நூற்று நாற்பதில் மறுபடி ரசித்தார்.

"அங்கிள் பைலட்டுன்னு சொன்னீங்க?" என்றார் அக்கா. "மேல போறதுக்கு இவ்ளோ கஷ்டப்படுறீங்க?"

குகைக்குள் எங்களுக்காகத் தனி அர்ச்சனை செய்வித்தார். இருவர் நெற்றியிலும் தன் கையாலேயே பட்டையாக விபூதி பூசினார். கீழே இறங்கியதும் தோசை வாங்கிக் கொடுக்காமல் விடவில்லை. நம் ஊர் தோசையைவிடத் தடிமன். சட்னி நம் ஊரைவிடக் காரம். நான் இரண்டு, கேப்டன் மூன்று. 11.10க்கு ரயில். கே.எல். சென்ட்ரலில் இறங்கி நாற்பது நிமிடக் காத்திருப்பு. இம்முறை கேப்டன் பலகையை மூன்று முறை படித்தார்; பொதுப் பெட்டியா என்று என்னைப் பார்த்துவரச் சொன்னார். பூக்கடை வாசலை அடைந்தபோது மணி 1.34.

சரோஜா மாலை கட்டுவதை நிறுத்தவில்லை. "பன்னெண்டு மணிக்கு வரணும்னாங்க. கன்டெய்னர் லோரில ஏறி வந்தீங்களா?" என்றவர் நிமிர்ந்து எங்கள் நெற்றியைப் பார்த்தார். உடனே கைப்பேசியை எடுத்தார். "அக்கா, ஒங்க விண்வெளி வீரங்க வந்துட்டாங்க. நெத்தி நெறைய விபூதி. பத்துமல சுத்திட்டு வந்திருக்காங்க லா."

தாளில் கையெழுத்திட்டு நேரத்தையும் எழுதினார். என் கடிகாரத்துக்கும் அவருடையதற்கும் ஒரு நிமிடம் வித்தியாசம். நான் திருத்தச் சொல்லவில்லை.

திரும்பும் ரயிலில் கேப்டன், "நாளைக்கு இதச் சொல்லணுமில்ல?" என்றார். "சிக்னல் கோளாறு, வண்டி லேட்டு, அதுக்குள்ள சாமி பாத்துட்டு வந்தோம்னு சொல்லிரலாமா?"

"பாக்கலாம் சார்" என்றேன்.

நான்காம் நாள், வியாழன். ஒன்பது நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. நடுவில் மைலோ டின்.

"மொதல்ல யாரு?" என்றார் மேஜர்.

கேப்டன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பொருள் சிக்னல் கோளாறு. நான் எழுந்தேன். அந்த இரண்டு சொற்களைச் சொல்லி உட்கார்ந்தால் கடிதம் நிச்சயம். ஆனால் கையில் நாட்குறிப்பு இருந்தது. அதில் நேரங்கள் இருந்தன. முப்பது ஆண்டுகளாக எழுதுகிறேன். பொய்யான நேரம் ஒன்றுகூட அதில் ஏறியதில்லை.

"8.41க்குத் தவறான ரயில் என்று எனக்குத் தெரியும்" என்று தொடங்கினேன். "8.55 வரை சொல்லவில்லை. அது என் தவறு. அதற்கிடையில் சொன்னவை பின்வருமாறு." வெயிலையும் கூட்டத்தையும் சுற்றிப் போகும் ரயிலையும் வரிசையாகப் படித்தேன். வெயில் வரியில் ஒருவர் சிரிப்புத் தாளாமல் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டார். கேப்டன் சிரிக்கவில்லை. உட்கார்ந்தேன். வாகன ஏற்பாட்டுப் பிரிவு கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருக்கிறது. அங்கே ஜன்னல் உண்டா என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

கேப்டன் எழுந்தார்.

"8.40" என்றார்.

"என்னது 8.40?" என்றார் மேஜர்.

"எனக்குத் தெரிஞ்ச நேரம். காலை வெயில் வலப்பக்கம் விழுது. அப்படின்னா வண்டி வடக்க போகுது. கிள்ளான் தென்மேற்கு. முப்பது வருஷமா பறக்கறேன், இதுகூடவா தெரியாது?"

மேஜர் முன்னால் குனிந்தார்.

"அப்ப ஏன் எறங்கல?"

கேப்டன் என் பக்கம் திரும்பினார். "இவர் பக்கத்துல உக்காந்து நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தார். இந்த மனுஷன் காப்பி ஆறின நேரத்தக்கூட எழுதுவார். தப்பான வண்டின்னா இவர் சும்மா இருப்பாரா? இவரே பேசாம இருந்தா, நான் திசைய தப்பாக் கணக்குப் போட்டிருக்கேன்னு நெனச்சேன்."

நான் பேசாமலிருந்தால் ஒன்றும் சொல்லவில்லை என்று மட்டுமே பொருள் என இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவரோ என் மௌனத்தை 'எல்லாம் சரி' என்று படித்துக்கொண்டிருந்திருக்கிறார். பத்தொன்பது ஆண்டுகள் நடத்திய அத்தியாயத்தில் இது எங்கும் இல்லை.

"இன்னொண்ணு" என்றார் கேப்டன். "சிக்னல் கோளாறுன்னு சொல்லிரலாம்னு இவர்கிட்ட சொன்னேன். அதுவும் என் தப்புதான். நேரம் ஞாபகமில்ல."

"2.47" என்றேன்.

மேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "ரெண்டு பேருக்கும் தெரியும். ரெண்டு பேரும் வாய மூடிட்டு எரநூத்தி எழுவத்ரெண்டு படி ஏறியிருக்கீங்க. நேரா சொன்னது அந்தச் செந்தூல் அக்கா ஒருத்தங்கதான். அட்டைய அவங்களுக்குத்தான் குடுக்கணும்." எழுந்துகொண்டே, "நாளைக்குச் சிமுலேட்டர்ல பாக்கறேன்" என்றார்.

ஐந்தாம் நாள், வெள்ளி. சிமுலேட்டர் ஆறு கால்களில் நிற்கும் ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே நிஜ விமானத்தின் முன்னறைபோலவே எல்லாம் இருக்கும்; பயமும் நிஜமாகவே வரும். இடது இருக்கையில் கேப்டன் ஓட்டினார். வலது இருக்கையில் நான். தவறு தென்பட்டால் சொல்வது மட்டும் என் வேலை. எங்களுக்கு முன் போன ஜோடியைப் பின்னால் நின்று பார்த்திருந்தேன். மழை. கீழே பக்கம் பக்கமாக இரண்டு ஓடுபாதைகள். கட்டுப்பாட்டு அறையின் குரலாக மேஜர் காதுக்குள் பேசினார். கேப்டன் இடது ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார். உயரம் எழுநூறு அடி.

இம்முறை வெயில், கூட்டம் எதுவும் வாயில் வரவில்லை.

"கேப்டன், தப்பான ஓடுபாதை. வலதுல போகணும்."

அவர் கேள்வி கேட்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. கை முன்னால் போனது, விமானத்தின் மூக்கு நிமிர்ந்தது, என் வயிறு இருக்கையிலேயே தங்கிவிட்டது. "மேல போறோம்" என்றார். மூவாயிரம் அடியில் நிதானித்ததும் கட்டுப்பாட்டு அறையிடம் எங்களுக்கு எந்த ஓடுபாதை என்று கேட்டார்.

"இடது" என்றார் மேஜர்.

வலது ஓடுபாதை எங்களுக்கு முன் போன ஜோடிக்கு உரியது. அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த என் தலையில் அது அப்படியே உட்கார்ந்துவிட்டது. "சாரி" என்று ஆரம்பித்தேன்.

"சாரி வேணாம்னு திங்கக்கெழமையே சொன்னேன்" என்றது காதுக்குள் குரல்.

சுற்றி வந்து இடது ஓடுபாதையில் இறங்கினோம். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அந்த அறையில் ஜன்னல் இல்லை என்பது இப்போது நன்றாக நினைவுக்கு வந்தது.

வெளியே மேஜர் இரண்டு அட்டைகளுடன் நின்றிருந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"நான் தப்பாத்தானே சொன்னேன் மேடம்?"

"தப்பாத்தான் சொன்னீங்க. ஆனா நேரா சொன்னீங்க. அவர் வாதாடாம மேல போனாரு. ஆறு நிமிஷம் எண்ணெ செலவு. யாரும் சாவல. இதத்தான் நான் அஞ்சு நாளாக் கேட்டுட்டு இருக்கேன்."

சிற்றுண்டிச் சாலையில் கேப்டன் தன் தங்கப் பட்டைகளை முகர்ந்து பார்த்துவிட்டுத் தோளில் மாட்டினார். பிறகு என் நாட்குறிப்பிலிருந்தே ஒரு தாளைக் கேட்டு வாங்கி, அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை எழுதினார். நான்கு வரிகள். மூன்றாவது வரி இது: 'இவர் என்னிடம் தவறாகச் சொன்னார்; ஆனால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் சொன்னார். இவரே தொடர்ந்து கற்பிக்கட்டும்.' கையெழுத்திட்டு என் பக்கம் தள்ளினார்.

இரண்டு முறை படித்தேன். நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கடிதத்தின் மேல் மூலையில் கண் போய்விட்டது.

"கேப்டன், தேதி தப்பு. இது நேத்து தேதி."

அவர் என்னைப் பார்த்தார். பக்கத்து மேசையில் கிடந்த செய்தித்தாளை இழுத்து அதையும் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.